ஓட்டம் நின்றாலும் எடை குறையும்

இடுப்பு வலி வந்ததும் ஓட்டத்தையும் எடைக் குறைப்பையும் சேர்த்தே கைவிடுபவர்கள் அதிகம். இரண்டும் ஒன்றல்ல. வலி எங்கிருந்து வருகிறது என்று அறிவதுதான் முதல் வேலை.

மும்பையில் 2004 பிப்ரவரியில் பெரிய அளவில் ஒரு மாரத்தான் தொடங்கியது. மறு ஆண்டே டெல்லியில் அரை மாரத்தான், 2008ல் பெங்களூரில் 10 கி.மீ. ஓட்டம் என்று அந்தப் பழக்கம் பரவியது. அதற்கு முன் விளையாட்டு வீரர்களும் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிற இளைஞர்களும் செய்துவந்த காரியத்தை இப்போது வங்கி அதிகாரிகளும் பள்ளி ஆசிரியைகளும் செய்கிறார்கள். லோதி தோட்டத்திலும் மெரீன் டிரைவிலும் கப்பன் பூங்காவிலும் விடியற்காலையில் ஓடுகிறவர்களில் பலர் பதக்கத்துக்காக ஓடவில்லை. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கும். பேண்ட் இறுகியிருக்கும். அல்லது அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்திருப்பார்கள்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 24 சதவீதமும் ஆண்களில் ஏறக்குறைய 23 சதவீதமும் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள் என்று கணக்கிட்டது.

எனவே ஓடத் தொடங்குகிறார்கள். மூன்றாவது, நான்காவது மாதத்தில் ஐந்தாறு கிலோ குறைந்து, உறவினர்கள் “என்ன, இளைச்சுப் போயிட்டே?” என்று கேட்கும் நேரத்தில், இடுப்பில் வலி வருகிறது. முதலில் ஓடி முடித்த பிறகு, பிறகு ஓடும்போதே, பிறகு ஆட்டோவில் ஏறி இறங்கும்போதும். அதன்பின் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்கிறார்கள். மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டத்தைத் தொடர்வது ஒன்று. ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கூடவே சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் விட்டுவிடுவது இன்னொன்று. முதலாமவர் மூட்டை இழக்கும் அபாயத்தில் இருக்கிறார். இரண்டாமவருக்கு ஆறு மாதத்தில் போன எடையெல்லாம் வட்டியோடு திரும்பி வருகிறது.

எதிரெதிராகத் தோன்றும் இந்த இரண்டு முடிவுகளுக்கும் அடிப்படை ஒரே நம்பிக்கை: ஓடாவிட்டால் எடை குறையாது என்பது. அந்த நம்பிக்கை சரியல்ல.

எந்த இடுப்பு?

தமிழில் ‘இடுப்பு வலி’ என்றால் பெரும்பாலும் முதுகின் கீழ்ப்பகுதி வலி. சேலையைச் செருகும் இடமும் இடுப்பு, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடமும் இடுப்பு. ஆனால் எலும்பு மருத்துவர் ‘ஹிப்’ என்று சொல்லும் மூட்டு இவற்றுக்கெல்லாம் கீழே, தொடையிடுக்கின் ஆழத்தில் இருக்கிறது. வட மாநிலங்களில் வசிக்கும் தமிழர் இந்தியில் ‘கமர்’ வலிக்கிறது என்று சொன்னால், மருத்துவர் முதுகெலும்பைத்தான் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். இந்த மூட்டைக் குறிக்க இந்தியில் இருக்கும் சொல் ‘கூல்ஹா’. மொழி எதுவானாலும் சொல்லை விட விரலை நம்புவது நல்லது. வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். தொடையிடுக்கைக் காட்டக் கூச்சப்பட்டு ‘இங்கேதான் எங்கேயோ’ என்று பொதுவாகச் சொல்வதால் மாதக் கணக்கில் தவறான சிகிச்சை நடப்பதுண்டு.

வலி முன்பக்கம், தொடையிடுக்கில் இருந்தால் மூட்டுக்குள்ளேயே பிரச்சினை இருக்க வாய்ப்பு அதிகம். இத்தகையவர்கள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து, இடுப்பைப் பக்கவாட்டில் கவ்விக் காட்டுவார்கள். மருத்துவர்களுக்கு இது பழக்கமான அடையாளம். கால் மேல் கால் போடும்போது, தாழ்வான நாற்காலியிலிருந்து எழும்போது, இந்திய பாணிக் கழிப்பறையில் உட்காரும்போது வலி கூடும்.

பக்கவாட்டில், கையை வைத்தால் தட்டுப்படும் எலும்புப் புடைப்பின் மேல் வலி இருந்தால், பெரும்பாலும் அது மூட்டு வலி அல்ல. பிட்டத் தசைகள் அந்த எலும்பில் வந்து சேரும் தசைநாண்களில் ஏற்படும் கோளாறு. நாற்பதைத் தாண்டிய பெண்களிடம் இது அதிகம். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது என்பது இதன் முக்கிய அறிகுறி.

பின்பக்கம், பிட்டத்தில் வலித்து, காலில் மின்சாரம் பாய்வதுபோல் இறங்கினால் முதுகெலும்பைச் சந்தேகிக்க வேண்டும். இளைஞர்களுக்குக் காலையில் எழும்போது பிட்டமும் முதுகும் இறுகி, நடமாடிய பிறகு சரியாகிறது என்றால் அது முடக்குவாத வகையைச் சேர்ந்த முதுகெலும்பு நோயாக இருக்கலாம். இன்னொரு விசித்திரமும் உண்டு. இடுப்பு மூட்டில் உள்ள நோய் சிலருக்கு முழங்காலில் மட்டும் வலியாக வெளிப்படும். முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல், வலியும் தீராமல் இருந்தால் மேலே இருக்கும் மூட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாத வலி

ஓடுகிறவர்களின் இடுப்பு வலியில் பெரும்பகுதி ஆபத்தில்லாதது. ஆனால் மூன்று நோய்கள் அப்படி அல்ல.

முதலாவது, தொடை எலும்பின் கழுத்தில் விழும் விரிசல். தொடை எலும்பின் உருண்டைத் தலையையும் நீண்ட தண்டையும் இணைக்கும் குறுகிய பகுதிதான் இந்தக் கழுத்து. திரும்பத் திரும்பச் சுமை விழுவதால், கீழே விழாமலேயே இதில் மெல்லிய கீறல் உண்டாகும். ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெறுபவர்களிடம் நீண்ட காலமாகவே காணப்படும் பாதிப்பு இது. தொடையிடுக்கில் வலி; ஓடினால் அதிகரிக்கும்; அந்தக் காலை ஊன்றினால் வலிக்கும்; நாளாக நாளாக இரவிலும் வலிக்கும். கீறல் கழுத்தின் அடிப்பக்கத்தில் இருந்தால் ஊன்றுகோலோடு சில வாரங்கள் ஓய்வு கொடுத்துக் குணப்படுத்தலாம். மேல்பக்கத்தில் இருந்தால் எலும்பு முழுதாக முறிந்து விலகக்கூடும். திருகு வைக்கும் அறுவை சிகிச்சை அவசரமாகத் தேவைப்படும். விலகினால் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, தலையே செத்துப்போகும் அபாயம் உண்டு. முதல் சில வாரங்களில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கலாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில்தான் தெரியும்.

எடையைக் குறைக்க ஓடுகிறவர்கள் இந்த விரிசலைக் கவனிக்கத் தனிக் காரணம் உண்டு. ஓட்டத்தைக் கூட்டிக்கொண்டே சாப்பாட்டைக் கடுமையாகக் குறைப்பவர்களின் எலும்புதான் எளிதில் விரிகிறது. செலவழிக்கும் சக்திக்கு ஈடாக உணவு இல்லாதபோது உடல் எலும்பைப் புதுப்பிக்கும் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறது அல்லது நின்றுவிடுகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014ல் இந்தக் குறைபாட்டுக்குத் தனிப் பெயரே சூட்டியது. ஆண்களுக்கும் இது வரும். வெயில் கொட்டும் நாட்டில் வைட்டமின் டி பற்றாக்குறை பரவலாக இருப்பது இன்னொரு பலவீனம். மாதவிலக்கு ஒழுங்கு தவறி, தொடையிடுக்கிலும் வலி இருக்கும் பெண் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போகாமல் அது பட்டுப்போவது. நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து, அளவுக்கு மீறிய மது ஆகியவை முக்கியக் காரணங்கள். கோவிட் சிகிச்சையில் ஸ்டீராய்டு பெற்ற மூன்று பேருக்குக் குணமான சில வாரங்களிலேயே இந்தப் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021ல் பதிவு செய்தார்கள். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயரில்லாப் பொட்டலத்தில் தரப்படும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் நம் நாட்டில் புதிதல்ல. அப்படி எதையாவது சாப்பிட்டவர் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் தலை நொறுங்காமல் காப்பாற்ற முயலலாம். நொறுங்கிய பிறகு செயற்கை மூட்டுதான் பெரும்பாலும் வழி.

மூன்றாவது, காசநோய். நுரையீரலைத் தாக்குவதுபோல் இடுப்பு மூட்டையும் அது தாக்கும். நொண்டல், இரவு வலி, மாலைக் காய்ச்சல், பசியின்மை. கூடவே எடையும் இறங்கும். எடை குறைய வேண்டும் என்று விரும்பி ஓடுகிறவர் இதைத் தம் முயற்சியின் பலன் என்று எண்ணி மகிழ்ந்துவிடக்கூடும். ஓட்டம் நின்ற பிறகும், உணவு மாறாத நிலையில், எடை இறங்கிக்கொண்டே இருந்தால் அது நல்ல செய்தி அல்ல.

காலை ஊன்ற முடியாத வலி, காய்ச்சலோடு வரும் வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, முன்பு புற்றுநோய் வந்தவருக்கு வரும் வலி ஆகிய நான்குக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. இவை எதுவும் இல்லாத சாதாரண வலிகூட இரண்டு மூன்று வார ஓய்வில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

ஸ்கேனும் ஊசியும்

எம்.ஆர்.ஐ. அறிக்கை கைக்கு வந்ததும் வேறொரு சிக்கல் தொடங்குகிறது. மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றியிருக்கும் குருத்தெலும்பு வளையத்தில் கிழிசல் என்று அதில் எழுதியிருக்கும். படிப்பவர் பதறிப்போகிறார். அமெரிக்காவில் இடுப்பில் எந்த வலியும் இல்லாத 45 பேரை ஸ்கேன் செய்து 2012ல் வெளியிட்ட ஆய்வில், 69 சதவீதத்தினருக்கு இதே கிழிசல் இருந்தது. கிழிசல் இருப்பது ஒன்று. வலிக்கு அதுதான் காரணம் என்பது வேறொன்று. மருத்துவர் காலை மடக்கித் திருப்பிப் பார்த்து, வலி அந்த அசைவோடு பொருந்துகிறதா என்று சோதித்த பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

தொடை எலும்பின் தலையும் கிண்ணத்தின் விளிம்பும் வடிவக் குறைபாட்டால் ஒன்றோடொன்று முட்டுவதும் இளம் வயதில் தொடையிடுக்கு வலி தரும். சுவிட்சர்லாந்து மருத்துவர் ரைன்ஹோல்ட் கன்ஸும் அவரது சகாக்களும் 2003ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகெங்கும் இதற்கு நுண்துளை அறுவை சிகிச்சை பெருகியது. பிரிட்டனில் 348 நோயாளிகளிடம் நடத்தி 2018ல் வெளியிட்ட சோதனையில், அறுவை சிகிச்சை பெற்றவர்கள் சற்று அதிகம் தேறினார்கள். ஆனால் பிசியோதெரபிஸ்ட் கண்காணிப்பில் பயிற்சி மட்டும் செய்தவர்களும் தேறினார்கள். அவசரமில்லாத நிலையில் சில மாதப் பயிற்சியை முதலில் முயன்று பார்ப்பதற்கு இது நியாயமான காரணம்.

பக்கவாட்டு வலிக்கு விடை இன்னும் தெளிவு. ஆஸ்திரேலியாவில் 204 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு விளக்கமும் பயிற்சியும், இன்னொன்றுக்கு ஸ்டீராய்டு ஊசி, மூன்றாவதற்குக் காத்திருப்பு மட்டும். எட்டு வாரம் கழித்து, நன்றாகத் தேறியதாகச் சொன்னவர்கள் பயிற்சிப் பிரிவில் 77 சதவீதம், ஊசிப் பிரிவில் 58, காத்திருந்தவர்களில் 29. ஓராண்டு கழித்தும் பயிற்சிப் பிரிவே முன்னால் நின்றது.

அந்த ‘விளக்கம்’ என்பது எளிய விஷயங்கள்தான். பஸ் நிறுத்தத்தில் ஒரு காலில் சாய்ந்து நிற்காதிருப்பது, கால் மேல் கால் போடாதிருப்பது, ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைப்பது, வலிக்கும் தசையை இழுத்து இழுத்து நீட்டாதிருப்பது. நம் வீடுகளில் இதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம்: குழந்தையை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை மட்டும் எந்த ஆய்வும் நியாயப்படுத்தாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை எச்சரிக்கை மணியின் நாக்கைக் கட்டிவிடுகின்றன. வியர்த்து நீர் வற்றிய உடலில் அவை சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

230 கலோரிக் கணக்கு

இனி எடைக்கு வரலாம். ஒரு கிலோ எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் ஓடிக் கடத்த ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகிறது. 80 கிலோ எடையுள்ளவர் 5 கி.மீ. ஓடினால் 400 கலோரி. வாரத்தில் நான்கு நாள் ஓடினால் 1,600. ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாள் ஒன்றுக்குச் சுமார் 230 கலோரி. ஓட்டம் நின்றதால் எடைக் கணக்கில் அவர் இழந்தது இவ்வளவுதான்.

15 மில்லி பிடிக்கும் மேசைக் கரண்டியில் இரண்டு கரண்டி சமையல் எண்ணெயில் இதைவிடச் சற்று அதிகமான கலோரி இருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி. அதில் மட்டும் 270 கலோரிக்கு மேல். மளிகைக் கடை ரசீதைப் பார்த்தே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். தாளிப்பு இருக்கட்டும், பொரிப்பது குறைந்தாலே போதும்.

ஓட்டம் நின்றவர்களின் எடை ஏறுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஓடிய காலத்தில் பழகிய பசி. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் முடிந்ததும் நண்பர்களோடு பூரியும் வடையும் சாப்பிட்டிருப்பார்கள். ஓட்டம் நின்ற பிறகும் பூரி நிற்பதில்லை. ‘இவ்வளவு நாள் கட்டுப்பாடாக இருந்து என்ன பயன்’ என்ற சலிப்பும் சேர்ந்துகொள்கிறது. விடியற்காலைக் கூட்டத்தை இழந்த வருத்தம் உண்மையானது; அதைச் சாப்பாட்டால் ஆற்றிக்கொள்வதுதான் சிக்கல்.

அதற்காகப் பட்டினி கிடக்கவும் கூடாது. எலும்பும் தசைநாணும் ஆறும் காலத்தில் புரதம் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020ல் வகுத்த அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.83 கிராம், 80 கிலோ எடைக்குச் சுமார் 66 கிராம். தட்டில் சோற்றைக் குறைத்து, பருப்பு, தயிர், முட்டை, மீன், சுண்டல் ஆகியவற்றைக் கூட்டினால் இதை எட்டலாம். வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை குறைந்தால் போதும். விரிசல் என்று உறுதியானவர்கள், அது ஆறும்வரை எடையைக் குறைக்கும் எண்ணத்தையே தள்ளிவைக்க வேண்டும். 2025ல் இந்தியச் சந்தைக்கு வந்த புதிய எடைக் குறைப்பு ஊசிகளை நாடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கொழுப்போடு தசையும் கரையும் என்பதால் மருத்துவர் மேற்பார்வையும் தசைப் பயிற்சியும் இல்லாமல் அவற்றைத் தொடக் கூடாது.

மூட்டு தேய்மானம் உள்ளவர்களுக்கு எடைக் குறைப்பு நேரடியான நிவாரணம். நடக்கும்போது இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு சுமை விழுகிறது. மெதுவாக ஓடும்போது நான்கைந்து மடங்கு. ஐந்து கிலோ குறைத்தவர், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் மூட்டிலிருந்து இறக்கி வைக்கிறார்.

கால் ஓய்ந்திருக்கும்போது

ஓட்டம் கலோரி எரிப்பதோடு நிற்பதில்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்தும், தூக்கம் தரும், மனத்தைத் தெளிவாக்கும். அதனால் வேறொரு பயிற்சி இருந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் 1994 முதல், எடையைக் குறைத்து அதைத் தக்கவைத்துக்கொண்டவர்களைப் பற்றி ஒரு பதிவேடு பராமரிக்கப்படுகிறது. அவர்கள் அதிகம் செய்வதாகச் சொல்வது ஓட்டம் அல்ல, நடை.

வலி இல்லாமல் நடக்க முடிகிறவருக்குச் சமதளத்தில் நடை போதும். நடையும் வலித்தால் நிலையான சைக்கிள். இருக்கையைச் சற்று உயர்த்திவைத்தால் மூட்டு அதிகம் மடங்காது. நீச்சல் குளம் கிட்டினால் நல்லது. ஆனால் தவளைபோல் காலை விரித்து உதைக்கும் நீச்சல் தொடையிடுக்கு வலியைக் கூட்டலாம். எதுவும் கிட்டாதவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி கைகளுக்கு எடைப் பயிற்சி செய்யலாம். முட்டுதல் காரணமாக வலி உள்ளவர்கள் பத்மாசனம் போன்ற, மூட்டை முறுக்கும் ஆசனங்களைத் தள்ளிவைக்க வேண்டும். சம்மணம் போட்டால் ஒரு முழங்கால் மட்டும் தரைக்கு இறங்காமல் தூக்கி நிற்பது, கால் நகம் வெட்டக் குனிய முடியாதது ஆகியவை மூட்டின் சுழற்சி குறைந்துவிட்டதற்கு அடையாளம். வலுக்கட்டாயமாக அழுத்தி அதைச் சரிசெய்ய முடியாது.

தசைகளுக்கான பயிற்சியில் கருவிகள் தேவையில்லை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலை மெல்லத் தூக்கி இறக்குவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. வாரத்துக்கு மூன்று நாள், மூன்று மாதம். பலன் மெதுவாகத்தான் தெரியும். பலர் இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுவதால்தான் ‘பிசியோதெரபி பார்த்தும் பயனில்லை’ என்கிறார்கள். விரிசல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் அனுமதித்த பிறகே இவற்றைத் தொடங்க வேண்டும்.

திரும்ப ஓடும்போது

அரை மணி நேரம் வேகமாக நடந்து, மறுநாள் காலையிலும் வலி இல்லை என்றால் ஓட்டத்தைத் தொட்டுப் பார்க்கலாம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடம். ஒருநாள் விட்டு ஒருநாள். பத்துக்கு இரண்டுவரை வலி பரவாயில்லை. மறுநாள் காலையில் அது அதிகமாகியிருந்தால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். காலடிகளைச் சிறிதாக்கி, எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினால் இடுப்பிலும் முழங்காலிலும் விழும் சுமை குறைகிறது என்று 2011ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. விலை உயர்ந்த ஷூவை விட இது மலிவு. சாலை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும் இடங்களில் எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடுவதையும் தவிர்க்கலாம்.

‘ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும்’ என்று பயமுறுத்துகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியான கணக்கில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கு இடுப்பிலோ முழங்காலிலோ தேய்மானம் இருந்தது; ஓடாதவர்களில் 10.2 சதவீதம்; போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3. நல்ல மூட்டு உள்ளவர்களே ஓடுகிறார்கள் என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். என்றாலும் மிதமான ஓட்டம் ஆரோக்கியமான மூட்டைக் கெடுக்கிறது என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை.

சிலருக்கு ஓட்டம் திரும்பாமலே போகலாம். டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே 2019 ஜனவரியில் இடுப்பு மூட்டுக்கு உலோக உறை பொருத்திக்கொண்டு, அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் பட்டத்தை வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை ஆடினார். முழு நேர வீரருக்குச் சாத்தியமானதை ஐம்பது வயது அலுவலரின் அளவுகோலாக்க முடியாது. செயற்கை மூட்டு பொருத்தியவர்களை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் நீந்தவும் ஊக்குவிக்கும் மருத்துவர்களில் பலர், ஓட்டத்துக்கு மட்டும் தயங்குகிறார்கள். அந்த நிலையிலும் எடைக் கணக்கு மாறுவதில்லை.

எனவே ஒரே நோட்டில் இரண்டு தனிக் கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பக்கத்தில் அன்றைய பயிற்சி, வலி எத்தனை, மறுநாள் காலையில் எப்படி. மறுபக்கத்தில் வாரம் ஒருமுறை எடை, மாதம் ஒருமுறை வயிற்றின் சுற்றளவு. இந்தியர்களுக்கென்று 2009ல் நிபுணர்கள் வகுத்த எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. முதல் பக்கம் சில மாதங்கள் தடுமாறலாம். இரண்டாம் பக்கம் அதனோடு சேர்ந்து தடுமாற வேண்டியதில்லை. மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போனால், வலி எங்கே, எப்போது என்று மூன்று மொழிகளில் தேடித் திண்டாடவும் வேண்டாம்.